அச்சுக்குப் பின்னே அறுபது கிலோ

ஏப்ரல் வந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்தகாலம். கிரகரி வாவியைச் சுற்றி நிற்கும் வாகனங்களுக்கு நடுவே, பின்கதவில் இரண்டு மூன்று சைக்கிள்களைத் தொங்கவிட்ட வேன்களையும் காணலாம். எதிர்த்திசையிலும் இந்தப் பயணம் உண்டு. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சமதரை தேடி இறங்குகின்றன. லயத்து முற்றத்திலும் சரிவான தோட்டப் பாதையிலும் ஒரு பிள்ளை எவ்வளவுதான் சைக்கிள் பழக முடியும்?

வேனுக்குள் ஆட்கள் நிறைந்துவிட்டால் சைக்கிளுக்கு இடமில்லை. கூரையில் ஏற்றலாம், ஆனால் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஆகவே பின்னால் ஒரு தாங்கியைப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்கிறோம். கடையில் வாங்குகிறோம், அல்லது பட்டறையில் குழாய் வெட்டி வெல்டிங் செய்து வாங்குகிறோம். மூன்று சைக்கிள்கள் 48 கிலோ, தாங்கி 12 கிலோ, ஆக 60 கிலோ. ஒரு மெலிந்த ஆளின் எடைதானே, இதற்கு என்ன கணக்கு என்று தோன்றும்.

அந்த ஆள் வேனின் நடு இருக்கையில் உட்கார்ந்திருந்தால் கணக்கே வேண்டாம். ஆனால் இந்த 60 கிலோ, பின் அச்சையும் தாண்டி, வண்டிக்கு வெளியே, காற்றில் தொங்குகிறது. ஒரு வாகனத்தைப் பொறுத்தவரை எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே பல வேளைகளில் பெரிய கேள்வி. மலைநாட்டுப் பாதைகளில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

நெம்புகோலின் கணக்கு

கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகோடு ஒட்டியே சுமக்கிறார்கள். அதே கூடையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியாது. பாரம் மாறவில்லை, உடலிலிருந்து அது விலகிய தூரம் மாறியிருக்கிறது. எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவதைத் திருப்புதிறன் என்கிறோம். தாங்கி பொருத்துவதன் அறிவியல் பெரும்பாலும் இந்த ஒரு பெருக்கலுக்குள் அடங்கிவிடும்.

நம் ஊரில் கே.டி.எச். என்றே எல்லோரும் அழைக்கும் டொயோட்டா ஹையேஸ் வேனை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண நீள வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.57 மீட்டர். பின் அச்சிலிருந்து பின்கதவு சுமார் 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது. சைக்கிள்களின் எடை மையம் கதவிலிருந்து இன்னும் 40 சென்டிமீட்டர் வெளியே இருந்தால், பின் அச்சிலிருந்து மொத்தத் தூரம் 1.5 மீட்டர்.

இப்போது பின் அச்சே நெம்புகோலின் தாங்குபுள்ளி. 60 கிலோவை 1.5ஆல் பெருக்கி 2.57ஆல் வகுத்தால் 35 வருகிறது. முன் சில்லுகள் மேலிருந்து 35 கிலோ பாரம் நீங்குகிறது என்பது இதன் பொருள். அந்த 35 கிலோ எங்கும் மறைந்துவிடாது, பின் அச்சில்தான் சேரும். நாம் ஏற்றியது 60 கிலோ. பின் அச்சு சுமப்பது 95 கிலோ.

சாலையைப் பிடித்து வண்டியைத் திருப்புவது முன் சில்லுகள். அவற்றின் மேலுள்ள பாரம் குறைந்தால் அவற்றின் பிடிமானமும் குறையும். சமதரையில் 35 கிலோ பெரிய இழப்பல்ல. எஞ்சினும் ஓட்டுநரும் முன் அச்சை ஒட்டியே இருக்கும் இந்த வகை வேனில் முன்பாரம் ஏற்கெனவே கணிசமானது. ஆனால் நாம் சமதரையில் ஓட்டுவதில்லை.

1885இல் நானுஓயாவை எட்டிய ரயில்பாதையை, சரிவு 1க்கு 44ஐத் தாண்டாதபடி மலையைச் சுற்றிச் சுற்றியே போட்டார்கள். சாலைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. 10 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறும் ஒரு சாலையைக் கற்பனை செய்வோம். 2,000 கிலோ வேன், எடை மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில். அந்த ஏற்றத்தில் வண்டி நிற்கும்போதே முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ பின் அச்சுக்குச் சரிந்துவிடும். தாங்கி பறித்த 35 கிலோவையும் கூட்டினால் முன் சில்லுகள் 95 கிலோவை இழக்கின்றன. மழையில் நனைந்து பாசி பிடித்த தார்ச்சாலையில், ஏறிக்கொண்டே கூர்மையாகத் திரும்பும்போது ஸ்டியரிங் இலேசாகிவிட்டது போல ஓட்டுநர் உணர்வது இதனால்தான்.

ஹையேஸ் பின் சில்லுகளால் உந்தப்படும் வண்டி என்பதால் ஏறுவதற்கான பிடிமானமாவது கூடுகிறது. வேகன் ஆர் போல முன் சில்லுகளால் உந்தப்படும் சிறிய கார்களில் அதுவும் இல்லை. திருப்ப வேண்டியதும் முன் சில்லு, இழுக்க வேண்டியதும் முன் சில்லு. இரண்டு வேலைக்கும் தேவையான பாரத்தையே நாம் குறைத்துவிடுகிறோம். சிறிய காரில் மூன்று சைக்கிள் தாங்கி வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

செய்யக்கூடிய திருத்தம் எளிது. கனமான சைக்கிளைக் கதவோடு ஒட்டியும் இலேசானதை வெளியேயும் மாட்ட வேண்டும். பயணப் பைகளைப் பின்வரிசைக்குப் பின்னால் குவிக்காமல் வண்டியின் நடுப்பகுதிக்கு நகர்த்த வேண்டும். எடை மையம் 10 சென்டிமீட்டர் உள்ளே வந்தாலும் திருப்புதிறன் அந்த அளவுக்குக் குறையும்.

பள்ளமும் ஆட்டமும்

இதுவரை பார்த்தது அசையாமல் நிற்கும் பாரம். தோட்டப் பாதையில் வண்டி அசையாமல் போவது எங்கே? பின் சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் உடல் முன் அச்சை மையமாகக் கொண்டு சாய்கிறது. பின் அச்சு 5 சென்டிமீட்டர் இறங்கினால் அதற்கும் 1.5 மீட்டர் பின்னே தொங்கும் சைக்கிள் 8 சென்டிமீட்டர் இறங்கும். அச்சின் அசைவைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆகவே வேனுக்குள் இருப்பவர்களுக்குச் சிறிய குலுக்கலாகத் தெரிவது, தாங்கிக்குப் பெரிய உதறலாக இருக்கும்.

அந்த உதறலில் 60 கிலோ ஒரு கணம் 120 கிலோவாகவும் அதற்கு மேலாகவும் நடந்துகொள்ளும். கதவில் பட்டிகளாலும் கொளுக்கிகளாலும் கட்டும் தாங்கியில் இது எங்கே விழுகிறது என்று பார்ப்போம். எடை மையம் கதவிலிருந்து 40 சென்டிமீட்டர் வெளியே. மேல் கொளுக்கிக்கும் கதவில் அழுந்தும் கீழ்த் தாங்குகட்டைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று கொண்டால், மேல் கொளுக்கியை வெளிப்புறமாக இழுக்கும் விசை 40 கிலோ எடைக்குச் சமம். கீழ்நோக்கி இழுக்கும் 60 கிலோவும் சேர்ந்து அது சாய்வாகச் சுமப்பது சுமார் 72 கிலோ. உதறல் இரு மடங்காக்கினால் 144. இவ்வளவையும் தாங்குவது மெல்லிய தகரத்தாலான கதவின் விளிம்பும், கதவின் பிணைச்சல்களும், பூட்டும்தான்.

மேலும் கீழும் உள்ள இரண்டு புள்ளிகளுக்கிடையே தூரம் கூடக் கூட இந்த இழுவிசை குறையும். ஆகவே கதவில் கட்டும் தாங்கியாக இருந்தால் உயரமானதே நல்லது. அதைவிட நல்லது, பாரம் கதவுக்கே போகாமல் வண்டியின் சட்டத்துக்குப் போகும்படி கீழேயிருந்து பொருத்துவது. இழுவைக் கொக்கி பொருத்திய வண்டியில் அது இயல்பாகவே அமையும். பட்டறையில் செய்விப்பவர்கள் பம்பரின் தகரத்தில் துளையிட்டு நிறுத்திக்கொள்ளாமல், பம்பருக்கு உள்ளே இருக்கும் சட்டத்தின் நெடும் உத்திரம் வரை தாங்குகைகளைக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஓர் எளிய விதி துணைக்கு வரும். சுவர்த் தடிப்பு ஒன்றாகவே இருந்தாலும், 1 அங்குலக் குழாயைவிட 1½ அங்குலக் குழாய் வளைவைத் தாங்குவதில் ஏறக்குறைய 2¼ மடங்கு வலிமையானது. வளையாமல் விறைப்பாக நிற்பதில் மூன்று மடங்குக்கும் மேல். எடையோ ஒன்றரை மடங்குதான் கூடும். ஒல்லியான குழாயில் தடிப்பைக் கூட்டுவதைவிட அகலமான குழாயை எடுப்பது புத்திசாலித்தனம்.

தளரும் நட்டு, களைக்கும் உலோகம்

இறுக்கி முறுக்கிய நட்டு ஏன் தானாகக் கழல்கிறது? 1969இல் ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்குத் தெளிவான விடையைக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் பக்கம் பக்கமாக வரும் அசைவே நட்டைக் கழற்றுகிறது. திருகை இறுகப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. குறுக்கு அசைவில் தகடுகள் மிக நுண்ணிய அளவு வழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த உராய்வு ஒரு கணம் தோற்றுப்போகிறது. நட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு பின்னோக்கிச் சுழல்கிறது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் சைக்கிள்கள் இடமும் வலமும் ஆடுகின்றன என்றால், நட்டுக்குக் கிடைப்பது இந்தக் குறுக்கு அசைவேதான்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, தகடுகள் வழுக்கவே முடியாதபடி போதிய இறுக்கம். இரண்டாவது, உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டு. வெறும் ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்புவது போதாது. புதிதாகப் பொருத்திய பூச்சும் இறப்பர் கட்டைகளும் முதல் ஓட்டத்திலேயே சற்று அமுங்கி இறுக்கத்தைக் குறைப்பதால், முதல் சில பத்துக் கிலோமீட்டர்களுக்குப் பிறகு நிறுத்தி எல்லா நட்டுகளிலும் ஸ்பனரைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர், ரயில் பெட்டிகளின் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குள்ளேயே ஓடியும் ஏன் திடீரென முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு பாரம், இலட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று அவர் நிறுவினார். நம் தாங்கியில் அந்த விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரம். அங்கே வடிவம் திடீரென மாறுவதால் விசை ஒரே கோட்டில் குவிகிறது. உருக்கில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அதிர்வை நெடுங்காலம் தாங்கும் தன்மை உண்டு. அலுமினியத்தில் அப்படியொரு தெளிவான எல்லை இல்லை. எனவே இலேசான அலுமினியத் தாங்கியை வாங்கியவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஈரம் இந்தக் களைப்பை விரைவுபடுத்தும். வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரை ஒட்டி வரும். வெல்டிங் செய்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பூச்சின் மேல் மயிர் போன்ற செந்நிறக் கோடு தெரிந்தால் அதை வெறும் துருவென்று துடைத்துவிட்டுப் போகக் கூடாது. உள்ளே விரிசல் ஓடியிருக்கிறதா என்று பட்டறையில் காட்ட வேண்டும்.

வளைவில் வீசும் வால்

றம்பொடைப் பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தங்கள் வண்டியின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். தாங்கி அந்தப் பழக்கத்தை ஏமாற்றிவிடும்.

வண்டி திரும்பும்போது அதன் சுழற்சி மையம் பின் அச்சின் நீட்சிக் கோட்டில் இருக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொன்றும் திரும்பும் திசைக்கு எதிராக வெளியே வீசும். ஹையேஸின் மிகக் குறைந்த திரும்பு ஆரம் 5 மீட்டர். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது வண்டியின் பின் மூலை ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் வெளியே வீசுகிறது. சைக்கிள்கள் பின் அச்சிலிருந்து 1.7 மீட்டர் வரை நீண்டிருந்தால் அந்த வீச்சு 32 சென்டிமீட்டராகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வேனின் அகலம் 1.7 மீட்டர், பெரியவர்களின் சைக்கிள் நீளம் 1.75 மீட்டரை ஒட்டியது. ஆக, சைக்கிளின் சில்லு வண்டியின் பக்கவாட்டையும் தாண்டி நிற்கிறது.

கொண்டை ஊசி வளைவில் இடப்புறம் ஒதுங்கி வலப்புறம் ஒடித்துத் திரும்பும்போது, இந்த வால் வீசுவது சாலையோர மண்மேட்டை, மதகுச் சுவரை, அல்லது ஓரமாக ஒதுங்கி நிற்கும் பாதசாரியை நோக்கி. தலையில் விறகுக் கட்டோடும் முதுகில் புத்தகப் பையோடும் மக்கள் சாலையோரமாகவே நடக்கும் ஊர் இது. வேன் தாண்டிவிட்டது என்று நம்பி நிற்பவர்களின் முழங்கை உயரத்தில் ஒரு பெடலோ கைப்பிடியோ வீசிப்போவதை அனுமதிக்கவே முடியாது. முன் சில்லைக் கழற்றி வேனுக்குள் வைத்துவிட்டால் சைக்கிளின் நீளம் 30 சென்டிமீட்டராவது குறையும். கைப்பிடியைத் திருப்பிக் கட்டலாம், பெடல்களைக் கழற்றலாம்.

எடை வண்டியின் நடுவிலிருந்து விலகினால் திருப்பத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கடினமாகும். இங்கே தூரம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்காகும். வண்டியின் எடை மையத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் வைக்கும் பாரத்தைவிட, 2.7 மீட்டர் தூரத்தில் தொங்கும் அதே பாரம் சுழற்சியை 29 மடங்கு அதிகமாக எதிர்க்கும். வளைவுக்குள் திரும்பத் தயங்கும் வண்டி, திரும்பிய பின் நிமிரவும் தயங்கும். மெதுவாக ஓட்டினால் இந்தத் தயக்கத்தைச் சமாளிக்கலாம். வேகத்தில் சமாளிக்க முடியாது.

மூடுபனியில் மறையும் விளக்கு

மூன்று சைக்கிள்களை மாட்டியதும் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிரேக் விளக்கும் சமிக்ஞை விளக்கும் இலக்கத் தகடும் எந்த அளவு தெரிகின்றன? சில்லுக் கம்பிகளுக்கு நடுவே தெரிவது போதாது. நானுஓயாவிலும் அம்பேவளையிலும் மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும்.

சிவப்பு ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. தெளிந்த காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாக. ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனி வெள்ளையாகத் தெரிவதும் அதனால்தான். ஆகவே மூடுபனியில் பின்னால் வருபவரைக் காப்பாற்றுவது விளக்கின் நிறமல்ல, அதன் பிரகாசமும் மறைப்பில்லாத பார்வைக் கோடும்தான். தாங்கியின் கடைசி முனையில் விளக்குப் பலகை ஒன்றைக் கட்டி, இலக்கத் தகட்டின் பிரதியையும் அதில் பொருத்த வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகளானால் மின்னோட்டம் மிகக் குறைவு. வாகன மின்வேலை தெரிந்தவர் அரை நாளில் இணைத்துக் கொடுப்பார்.

முன் விளக்கும் பின்பாரத்தால் பாதிக்கப்படுகிறது. முன்பக்கத்தோடு ஒப்பிட பின்பக்கம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்தால் போதும், 50 மீட்டர் தூரத்தில் ஒளிக்கற்றை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் மேலே போய்விடும். அது நேரே எதிரில் வருபவரின் கண்ணில் விழும். பல வேன்களில் விளக்கின் கோணத்தைத் தாழ்த்தும் சிறு சக்கரம் ஓட்டுநர் பக்கத்திலேயே இருக்கிறது. பாரம் ஏற்றியதும் அதைத் திருப்ப வேண்டும். பின் டயர்களின் காற்றையும் அப்போதே சரிபார்க்கலாம்.

இறக்கமும் பிரேக்கும்

நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறங்கும்போது 2,500 கிலோ வேன் சுமார் 1,400 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அதில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 34 மெகாஜூல். ஒரு லீட்டர் டீசலை முழுவதும் எரித்தால் கிடைப்பதற்குச் சற்றே குறைவு. இவ்வளவையும் பிரேக்கே வெப்பமாக்கினால் அது சூடேறிப் பிடியை இழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கை இடையிடையே மட்டும் மிதிக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த மொத்தத்தில் சைக்கிள்களின் பங்கு 2½ சதவீதத்துக்கும் குறைவு. ஆக, பிரேக்கைச் சூடாக்குவது தாங்கியல்ல. ஆட்களும் பைகளும் சைக்கிளும் சேர்ந்த மொத்தச் சுமையும், அவசரமும்தான்.

இந்த மலைப்பாதைகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட விலை பெரிது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லையில், பாடசாலை மாணவர்களின் சுற்றுலா பஸ் ஒரு வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆம் திகதி கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைக்கிள் தாங்கிக்கும் இந்த விபத்துகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் தவறுக்கு இடம் கொடுக்காத பாதைகள் இவை என்பதை நாம் அறிந்தே ஓட்டுகிறோம். அறிந்தபின், நாமே வண்டியில் சேர்க்கும் ஒரு பொருளை அளக்காமல் சேர்க்க நமக்கு உரிமையில்லை.

அளவு நாடாவோடு தொடங்குங்கள்

வேலையை வரிசையாகச் செய்தால் எதுவும் கடினமல்ல. முதலில் சைக்கிள்களையும் தாங்கியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடையில் சொன்ன எடையை நம்ப வேண்டாம். கனமான பூட்டும் குழந்தை இருக்கையும் எடைதான். தாங்கியில் பொறித்துள்ள உச்ச எடை, வாகனக் கையேடு பின் அச்சுக்கு அனுமதிக்கும் எடை, இரண்டில் எது முதலில் நிறைகிறதோ அதுவே எல்லை. அடுத்து, பின் அச்சின் மையத்திலிருந்து சைக்கிள்களின் எடை மையம் வரை அளவு நாடாவால் அளந்து, மேலே சொன்ன பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும்.

பிறகு புகைக்குழாயின் வாய் எந்தச் சைக்கிளின் டயரை நோக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தில் திணறும் டீசல் எஞ்சினின் வெப்பக் காற்று இறப்பரை உருக்கக்கூடியது. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவானால், சைக்கிள்களோடு கதவைத் திறக்கவே கூடாது. கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டுகள் கதவின் எடைக்காக மட்டும் செய்யப்பட்டவை. திறந்த கதவு 60 கிலோவோடு தலையில் இறங்கிவிடும். எல்லாம் கட்டியபின் சைக்கிளைப் பிடித்து முழு பலத்தோடு ஆட்ட வேண்டும். வேன் முழுவதும் சேர்ந்து ஆடினால் நல்லது. சைக்கிள் மட்டும் ஆடினால் கட்டு போதாது. தாங்கி கைவிட்டாலும் சைக்கிள் சாலையில் விழாதபடி, சட்டத்தோடு தனியாக ஒரு பட்டியையும் கட்டிவிடுங்கள்.

நம் கராஜ்களில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களைத் தலைமுறைகளாக ஓட்டிவரும் கைகள் அவை. அந்தக் கைகளிடம் "ஒரு தாங்கி அடித்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எடை இவ்வளவு, தூரம் இவ்வளவு, பாரம் கதவுக்கல்ல சட்டத்துக்குப் போக வேண்டும் என்று அளவோடு சொல்வது நம் பொறுப்பு. தாங்கி கழன்றால் அதன் விலையைக் கொடுப்பவர் நாமல்ல, நமக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் யாரோ ஒருவர். அந்த முகம் தெரியாதவரின் பாதுகாப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பொருத்திய தாங்கிதான் சரியான தாங்கி.